'கை கால் ஓடலை' என்றால் என்ன எழுதுவது? மனக்காயம் அறிந்த விசாரணை: ஓர் அறிமுகம்

பெங்களூரு ஆஸ்பத்திரி வாசல்களில் 'ட்ராமா கேர்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு எலும்பு முறிவு, தலையில் அடி என்று பொருள். போலீசுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் தரப்படும் 'ட்ராமா' பயிற்சி வேறு. உயிருக்கோ மானத்துக்கோ பெரிய ஆபத்தைச் சந்தித்த ஒருவரின் மனமும் உடம்பும் அந்த நேரத்திலும் அதன் பிறகும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்பக் கேள்வி கேட்பது, எழுதுவது, சாட்சி சொல்ல வைப்பது. இதை மனக்காயம் அறிந்த அணுகுமுறை என்று சொல்லலாம். இரக்கம் காட்டச் சொல்லும் வகுப்பு என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் இந்தப் பயிற்சி கற்றுத்தருவது ஒரு கைத்தொழிலை: கேட்கும் தொழில், கேட்டதைச் சிதைக்காமல் எழுதும் தொழில்.

ஓர் எடுத்துக்காட்டு. பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண், பாலியல் வன்கொடுமை பற்றிப் புகார் சொல்ல ஸ்டேஷனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்னடம் அரைகுறையாகத்தான் வரும். "ஏம்மா, கத்தலையா?" என்று கேட்கிறார்கள். "கையும் ஓடல, காலும் ஓடல மேடம்" என்கிறார். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அதைக் கன்னடத்தில் சொல்ல, தாளில் 'எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை' என்று ஏறுகிறது. யாரும் பொய் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் பெண் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. பல மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான்.

கன்னடத்திலும் 'கைகாலு ஆடலில்ல' என்ற அதே வழக்கு இருக்கிறது. சொன்னபடியே எழுதியிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது.

உடம்பு என்ன செய்கிறது

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் உடம்பு நம் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. சண்டை போடுவது, ஓடுவது என்ற இரண்டு வழிகள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது ஒன்று உண்டு: உறைந்து போவது. வாய் எழாது, கை தூக்க வராது, நடப்பது தெரிந்துகொண்டே இருக்கும். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகர மருத்துவமனை ஒன்றுக்கு வன்கொடுமைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் வந்த 298 பெண்களிடம் கேட்டு, 2017ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 70 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவிலும், 48 சதவீதம் பேருக்குக் கடுமையான அளவிலும் இந்த உறைநிலை இருந்திருக்கிறது. 'ஏன் கத்தவில்லை' என்ற கேள்வி எத்தனை தப்பான இடத்திலிருந்து தொடங்குகிறது என்று இதிலிருந்தே தெரியும். 'வாயடைச்சுப் போச்சு', 'நா எழல', 'வெலவெலத்துப் போனேன்' என்று நம் பேச்சு இதை என்றைக்கோ பதிவு செய்து வைத்திருக்கிறது.

நினைவும் அந்த நேரத்தில் சீராகப் பதிவதில்லை. கவனம் எதில் குத்திட்டு நின்றதோ அது ஆழமாகப் பதியும்: கத்தியின் பிடி, சிகரெட் நாற்றம், பக்கத்து வீட்டு மிக்சி சத்தம். எத்தனை நிமிடம், எது முதலில் எது பிறகு, சட்டை என்ன நிறம் என்பவை மங்கலாகவோ பதியாமலோ போகலாம். நம் விசாரணைப் படிவங்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இந்த மங்கலான பகுதியைத்தான்: மணி என்ன, எத்தனை நேரம், வரிசையாகச் சொல்.

பிறகு நடப்பதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதிராக இருக்கும். சிலர் அழமாட்டார்கள். சிலர் சிரிப்பார்கள். குளித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். குற்றவாளி தெரிந்தவனாக இருந்தால், ஒன்றும் நடக்காததுபோல மறுநாள் மெசேஜ் கூட அனுப்புவார்கள். 2020ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்ஜாமீன் உத்தரவு ஒன்றில், சம்பவத்துக்குப் பின் களைத்துத் தூங்கிவிட்டதாகப் புகார்தாரர் சொன்னது 'இந்தியப் பெண்ணுக்குப் பொருந்தாதது' என்று எழுதப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, பிறகு அந்த வரி நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று மனதில் ஒரு சித்திரம் வைத்திருப்பது ஸ்டேஷன் ரைட்டருக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில பயிற்சியாளர்கள் மூளைப் படத்தைத் திரையில் போட்டு, 'தடுமாறிப் பேசினால் உண்மை' என்று கற்றுத்தருகிறார்கள். அது தவறு. தடுமாற்றம் பொய்யின் அடையாளம் இல்லை என்பது சரி. உண்மையின் அடையாளமும் இல்லை. கண்ணீரிலிருந்தோ அமைதியிலிருந்தோ எந்த முடிவுக்கும் வராமல் இருக்கப் பழகுவதுதான் பாடம். அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் என்று மூளைப் பகுதிகளின் பெயர்களைக் குற்றப்பத்திரிகையில் எழுதுவது வழக்குக்குக் கேடு. அதைச் சொல்ல வேண்டியவர் நிபுணர் சாட்சி.

முதல் பத்து நிமிடம்

112க்கு அழைப்பு போய் 'ஹொய்சாளா' என்ற போலீஸ் ரோந்து வண்டி வருகிறது, அல்லது 108 ஆம்புலன்ஸ் வருகிறது. வருபவரின் வேலை துப்புத் துலக்குவது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சொல்லில் சுருக்குகிறது: பார், கேள், இணை. பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். முதலில் உங்கள் பெயரையும் என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். கூட்டத்தை விலக்குங்கள். நின்றுகொண்டு பேசாமல், அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். கேட்க வேண்டியவை நாலே நாலு: எங்கேயாவது அடிபட்டிருக்கா, அந்த ஆள் இப்போ எங்கே, வீட்டுக்குள்ளே குழந்தைகள் யாரும் இருக்காங்களா, உங்களோட யார் இருக்கணும். முழுக் கதையையும் தெருவில் வைத்துக் கேட்டால், அது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கப்படும் இன்னொரு 'வாக்குமூலம்' ஆகிவிடும். கட்டு போடுவதற்கு முன், தொடுவதற்கு முன், "கையைப் பிடிக்கலாமா?" என்று கேட்பது சின்ன விஷயம்தான். ஆனால் தன் உடம்பின் மேல் சற்றுமுன் அதிகாரம் இழந்தவருக்கு அந்த அதிகாரம் திரும்பக் கிடைக்கும் முதல் இடம் அது.

படபடப்பு அதிகமாக இருந்தால் 'அமைதியா இரு' என்பது உதவாது. "ரெண்டு காலையும் தரையில ஊன்றி வையுங்க. இங்கே என்ன சத்தம் கேக்குது, சொல்லுங்க" என்று இப்போதைய இடத்துக்குக் கொண்டுவருவது உதவும். தடயத்துக்காக: குளிக்கவோ துணி மாற்றவோ வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லலாம். மாற்றிய துணியைக் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டிருந்தால் முகத்தில் ஒரு சுளிப்பு கூட வரக்கூடாது. 'ஐயோ, ஏன் குளிச்சீங்க?' என்ற ஒரு வார்த்தையோடு அதற்குப் பிறகு வரவேண்டிய பேச்சு நின்றுவிடும்.

வாக்குமூலம்: வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான்

சட்டம் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். பாலியல் குற்றங்களில் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். 176ஆம் பிரிவின்படி, வன்கொடுமைக்கு ஆளானவரின் வாக்குமூலம் அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, கூடியமட்டும் பெண் அதிகாரியால், பெற்றோர், நெருங்கிய உறவினர் அல்லது சமூகப் பணியாளர் உடனிருக்க எடுக்கப்பட வேண்டும். குழந்தை என்றால் போக்சோ சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது: அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். எங்கே, யார், எப்போது என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. எப்படிக் கேட்பது என்பதைப் பயிற்சிதான் சொல்ல வேண்டும்.

முதல் பாடம்: முதல் தகவல் அறிக்கையையும் விரிவான வாக்குமூலத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஃப்.ஐ.ஆர். கலைக்களஞ்சியம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, குற்றம் என்ன, யார், எங்கே, ஏறக்குறைய எப்போது என்ற அளவில் சுருக்கமாகப் பதிவு செய்துவிட்டு, மருத்துவத்தை முடித்து, அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பின் விரிவாகக் கேட்பது நல்லது. அந்த நேரத்திலேயே மூன்று பக்கத்துக்குப் பிழிந்தெடுத்தால், பாதி இடங்களில் அவர் ஊகித்துச் சொல்வார். அந்த ஊகம்தான் பிறகு 'முரண்பாடு' ஆகும்.

இரண்டாவது: கேள்வியின் வடிவம். "என்ன நடந்துச்சோ, உங்களுக்கு எங்கே ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கேருந்து சொல்லுங்க" என்று தொடங்கிவிட்டு, குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். மௌனம் வந்தால் பத்து வினாடியாவது பொறுக்க வேண்டும். நம் ஊர் விசாரணையில் அந்தப் பத்து வினாடி மிக நீளமாகத் தெரியும். பயிற்சியில் பலர் முதலில் தோற்பது இதில்தான். 'ஏன்' என்று தொடங்கும் எல்லாக் கேள்வியும் காதில் குற்றச்சாட்டாக விழும். "ஏன் அவன் கூப்பிட்டதும் போன?" என்பதற்குப் பதில் "அவன் கூப்பிட்டப்போ மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்கலாம். "ஏன் மூணு நாள் கழிச்சு வந்தீங்க?" என்பதற்குப் பதில் "இந்த மூணு நாளும் எப்படிப் போச்சு? இன்னைக்கு வரணும்னு எது தோண வச்சுது?" என்று கேட்கலாம். பதிலில் மாமியார், வேலை, வீட்டு ஓனர், மிரட்டல் எல்லாம் தானாக வரும். தாமதத்துக்கான காரணம் கோப்பில் இருந்தால் அரசுத் தரப்புக்கு அதுவே பலம். குர்மித் சிங் வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் புகார் தாமதமாவதை மட்டும் வைத்துச் சந்தேகிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

மூன்றாவது: புலன்வழி கேட்பது. என்ன சத்தம் கேட்டது, என்ன வாசனை, எது கண்ணிலேயே நிற்கிறது. மணி தெரியாதவர் 'பக்கத்து மசூதியில பாங்கு சொன்னாங்க' என்பார்; அதிலிருந்து நேரம் கிடைக்கும், சரிபார்க்கவும் முடியும். 'நீல சட்டைதானே?' என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால், நீலம் நினைவுக்குள் புகுந்துவிடும். திறந்த கேள்வி புகார் கொடுத்தவருக்கு மட்டும் நல்லதல்ல. நிரபராதி ஒருவர் தவறாக மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அதுதான் காவல்.

நான்காவது, பெங்களூரில் மிக முக்கியமானது: மொழி. பாலியல் குற்றத்தை நம் பெண்கள் நேராகச் சொல்வதில்லை. 'தப்பா நடந்துகிட்டான்', 'கெடுத்துட்டான்', 'என்னமோ பண்ணிட்டான்' என்பார்கள். கையைப் பிடித்து இழுத்ததும் 'தப்பா நடந்துகிட்டான்'தான், வன்புணர்வும் அதுவேதான். சட்டத்தில் இவை வேறு வேறு பிரிவு. ஆகவே, "அந்த வார்த்தையை நீங்க எதுக்குச் சொல்றீங்கன்னு எனக்குச் சரியாப் புரியணும். உங்க உடம்புல எங்கே, எதால?" என்று தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். குழந்தை என்றால் உடம்பு வரைந்த படத்தைக் காட்டலாம். 'கையும் ஓடல காலும் ஓடல' என்பதையும் விட்டுவிடக் கூடாது. பதற்றத்தில் என்ன செய்வதென்று தெரியாததற்கும் நாம் அதைத்தான் சொல்கிறோம். "அப்படின்னா உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், 'கையைத் தூக்கப் பார்த்தேன், வரலை' என்று தெளிவு கிடைக்கும். அது அப்படியே, அவர் வாய்மொழியில், மேற்கோள் குறிக்குள் தாளில் ஏற வேண்டும், பக்கத்தில் கன்னடம்.

மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. அவசரத்துக்கு அதே வட்டாரத்து ஆட்டோக்காரரையோ, வீட்டு ஓனர் மகனையோ, பெண்ணின் சொந்தப் பிள்ளையையோ உட்கார வைப்பது நடக்கிறது. அவர்கள் முன் அந்தப் பெண் பாதியை விழுங்கிவிடுவார். வெளியாள், முடிந்தால் பெண், சேர்க்காமல் குறைக்காமல் சொல்வேன் என்று ஒப்புக்கொண்டவர், அவர் பெயர் கோப்பில் இருக்க வேண்டும். முடிந்ததும் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இதில்தான் பல தவறுகள் அகப்படும்.

இன்னொரு கணக்கு. எஃப்.ஐ.ஆர்., காவல்துறை வாக்குமூலம், டாக்டரிடம் சொல்வது, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன் சொல்வது, குழந்தையானால் குழந்தைகள் நலக் குழு, கடைசியில் நீதிமன்றம். ஒரே கொடுமையை ஐந்தாறு முறை, ஐந்தாறு பேரிடம், ஐந்தாறு விதக் கேள்விகளுக்குச் சொல்கிறார். கேள்வி மாறினால் பதிலும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஒவ்வொரு முறையையும் தடுக்க முடியாது. ஆனால் இடத்தைக் காட்டச் சொல்லி மகஜருக்கு (சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதும் குறிப்புக்கு) அழைத்துப்போகும்போது தெருவே கூடி நிற்பதையும், ஜீப்பிலேயே மறுபடி கேட்பதையும் தடுக்க முடியும்.

மருத்துவர் பங்கு

அதே சன்ஹிதாவின் 184ஆம் பிரிவின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், அவர் சம்மதத்தோடு பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதித்து, தடயச் சோதனையில் ஒரு பகுதியை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. 397ஆம் பிரிவின்படி அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பதால், போலீஸ் வேலைக்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையைச் செய்வது முறைகேடு என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசு வழக்கறிஞருக்கு

பல வழக்குகளில் சாட்சி தன் அரசு வழக்கறிஞரைப் பார்ப்பதே சாட்சி சொல்லும் நாள் காலையில், கோர்ட் வராந்தாவில். பாதிக்கப்பட்டவர் பிறழ்சாட்சியாவதற்கு மிரட்டலும் பணமும் மட்டும் காரணமில்லை. பயமும் அறியாமையும் கூடத்தான். பதிலைச் சொல்லிக்கொடுப்பது தவறு. நடைமுறையைச் சொல்லிக்கொடுப்பது கடமை: கூண்டு எங்கே இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், புரியாத கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லலாம், தெரியாததைத் 'தெரியாது' என்றே சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம். ஒரு நாள் முன்னதாகக் காலியான கோர்ட் ஹாலைக் காட்டினாலே பாதி நடுக்கம் குறையும்.

கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையிலேயே பலவீனமான இடங்களை அரசுத் தரப்பே தொட்டுவிட வேண்டும். "அப்போது உங்கள் உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டு, கை தூக்க வராததை அவர் வாயால் நீதிபதி கேட்கும்படி செய்துவிட்டால், குறுக்கு விசாரணையில் 'ஏன் கத்தவில்லை' என்பது பழைய கேள்வியாகிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 48ஆம் பிரிவு, சம்மதம் பற்றிய வழக்கில் அவருடைய முந்தைய பாலுறவு பொருட்டல்ல என்கிறது. ஒழுக்கத்தைக் குதறும் கேள்வி வந்த அந்த நொடியே எழுந்து ஆட்சேபிக்கப் பழக வேண்டும். பதில் வந்தபின் ஆட்சேபித்துப் பயன் குறைவு. போக்சோ வழக்கில் எதிர்த்தரப்புக் கேள்வியும் நீதிபதி வழியாகத்தான் குழந்தையிடம் போக வேண்டும், அடிக்கடி இடைவேளை தர வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படக் கூடாது. திரை கேட்டு மனுப் போட வேண்டியது அரசு வழக்கறிஞரின் வேலை. நீதிபதிகளுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும் பாலின உணர்வுப் பயிற்சி வேண்டும் என்று 2021ல் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரரின் வீட்டுக்குப் போய்த் தனக்கு ராக்கி கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை ரத்து செய்த தீர்ப்பு அது.

எந்தப் பயிற்சி வேலை செய்யும்

இருநூறு பேரை ஹாலில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினால் கைதட்டல் கிடைக்கும், பழக்கம் மாறாது. இருபது பேருக்கு மிகாத குழு, நடித்துப் பார்க்கும் விசாரணை, அதைப் பதிவு செய்து திரும்பப் போட்டுப் பார்ப்பது ஆகியவை வேண்டும். ஒவ்வொருவரும் எத்தனை 'ஏன்' கேட்டார், எத்தனை முறை குறுக்கிட்டார், பதிலை எத்தனை முறை தானே ஊட்டினார் என்று எண்ண வேண்டும். பெங்களூரில் இதைத் தமிழ், கன்னடம், உருது, இந்தி என்று கலந்து, மொழிபெயர்ப்பாளரையும் உட்கார வைத்துச் செய்ய வேண்டும். போலீஸ், டாக்டர், அரசு வழக்கறிஞர் ஒரே அறையில் இருந்தால் நல்லது. எஃப்.ஐ.ஆரில் ஒரு வார்த்தை மாறினால் கோர்ட்டில் என்ன ஆகும் என்பதைப் பல எஸ்.ஐ.க்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். குழந்தைகளை விசாரிக்கும் பயிற்சி பற்றிய ஆய்வுகளில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது: தொடர்ந்து யாராவது பார்த்துத் திருத்தாவிட்டால் கற்றது நழுவிவிடும். ஆகவே, மாதம் ஒருமுறை மேலதிகாரி இரண்டு வாக்குமூலத்தை எடுத்துப் படித்துப் பேசும் ஏற்பாடு இல்லாத பயிற்சிக்குச் செலவழிப்பது வீண்.

கேட்பவர்களையும் மறக்கக் கூடாது. தினம் இதையே கேட்கும் பெண் எஸ்.ஐ.க்குத் தூக்கம் கெடும், வீட்டில் எரிச்சல் வரும், ஒரு கட்டத்தில் மரத்துப்போகும். மரத்துப்போனவர் கேட்கும் கேள்வி கரடுமுரடாகத்தான் இருக்கும். சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் 'கொட்டிவிடு' என்று வற்புறுத்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. டூட்டி சுழற்சி, தூக்கம், கேட்கும்போது கிடைக்கும் ஆலோசகர் ஆகியவை உதவும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல் தமிழிலும் பேசலாம். அதன் தலைமை மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை.

துணைக்குப் போகிறவர்களுக்கு

ஸ்டேஷனுக்கு யாருக்காவது துணையாகப் போகிறீர்கள் என்றால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். பெண் அதிகாரியையும், தனி அறையையும், தமிழ் தெரிந்த வெளியாளையும் கேளுங்கள். எழுதியதைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'எதிர்க்கவில்லை' என்று இருந்தால், "அவங்க அப்படிச் சொல்லலை, கையைத் தூக்க வரலைன்னு சொன்னாங்க, அதையே எழுதுங்க" என்று திருத்தச் சொல்லுங்கள். திருத்தும்வரை கையெழுத்து வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அதை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். பதிவு செய்ய மறுத்தால் எழுத்தில் காவல்துறைத் துணை ஆணையருக்கு (டி.சி.பி.) அனுப்பலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.